புளி போட்டுத் தேய்க்கும் முன் கலெக்டருக்கு ஒரு கடிதம்

கேள்வி: கரூர் அருகே எங்கள் தாத்தா காலத்து வீடு இடிந்து விழுந்து, இப்போது வெறும் மனையாகக் கிடக்கிறது. பட்டா அப்பா பெயரில் இருக்கிறது. நண்பர் ஒருவர் மெட்டல் டிடெக்டர் கொண்டுவந்து அங்கே பார்த்தபோது, பழைய அடுப்படி இருந்த மூலையில் சத்தம் கேட்டது. ஒரு முழ ஆழத்தில் உடைந்த மண்கலயமும் முப்பதுக்கு மேற்பட்ட வெள்ளி நாணயங்களும் கிடைத்தன. எல்லாம் கறுத்திருந்தன. நான்கை மட்டும் புளியும் விபூதியும் போட்டுத் தேய்த்ததில் விக்டோரியா ராணியின் தலை தெரிகிறது. மற்றவற்றையும் சுத்தம் செய்யலாமா? எடைக்கு எடுத்துக்கொள்வதாக நகைக்கடைக்காரர் சொல்கிறார். அரசாங்கத்திடம் சொன்னால் எல்லாம் போய்விடும் என்று நண்பர் சொல்கிறார். அமராவதி ஆற்றிலும் தேடலாம் என்கிறார். சட்டம் என்ன சொல்கிறது?
– வாசகர், கரூர் மாவட்டம்

பதில்: மிச்சமுள்ள நாணயங்களைத் தேய்க்காதீர்கள், ஒன்றைக்கூட விற்காதீர்கள், மாவட்ட ஆட்சியருக்கு உடனே எழுத்து மூலம் தெரிவியுங்கள். உங்களுக்குப் பொருந்துவது 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். மண்ணுக்குள்ளோ, மண்ணோடு பொருத்தப்பட்ட ஒன்றுக்குள்ளோ மறைந்திருக்கும் மதிப்புள்ள எந்தப் பொருளும் இதன்படி புதையல். அதன் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால், என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்ற விவரங்களை எடுத்தவர் கூடிய விரைவில் ஆட்சியருக்கு எழுதித் தர வேண்டும் என்கிறது 4-ஆம் பிரிவு. பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும். அல்லது கேட்கும்போது கொண்டுவந்து காட்டுவதற்குப் பிணை தர வேண்டும். 1878-இல் 10 ரூபாய் என்பது பெரிய தொகை. இன்று ஒரே ஒரு வெள்ளி ரூபாய் கிடைத்தாலே அந்த வரம்பு தாண்டிவிடும். சொந்த மனையில் கிடைத்தது என்பதற்காக விதிவிலக்கு எதுவும் கிடையாது.

‘தாத்தா புதைத்து வைத்தது, எங்கள் குடும்பச் சொத்து, இதில் கலெக்டருக்கு என்ன வேலை?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சட்டமும் அதற்கு இடம் வைத்திருக்கிறது. தகவல் கிடைத்ததும் ஆட்சியர் ஓர் அறிவிப்பு வெளியிடுவார். அது வெளியான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குக் குறையாமல், ஆறு மாதத்துக்கு மேற்படாமல் ஒரு நாள் குறித்து, உரிமை கோருவோரை வரச் சொல்வார். விசாரணையில், கண்டெடுத்த நாளுக்கு முந்தைய நூறு ஆண்டுகளுக்குள் உங்கள் முன்னோர்தான் புதைத்தார் என்று நம்ப அவருக்குக் காரணம் இருந்தால், நீங்கள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட அவகாசம் கொடுத்து விசாரணையைத் தள்ளிவைக்க வேண்டும். அந்த வழக்கில் வென்றால், புதையல் எடுத்தவருக்கு உரிய பங்கு என்ற பேச்சே எழாது. முழுப் பொருளும் வாரிசுகளுக்குச் சேரும். ஆக, உங்கள் விஷயத்தில் எல்லாமே ஒரு கேள்வியில்தான் நிற்கிறது: கலயம் எப்போது புதைக்கப்பட்டது? சாட்சி சொல்ல ஆள் இருக்கப் போவதில்லை. அந்த நாணயங்களும் கலயமும் கிடந்த இடமும்தான் சாட்சி. குவியலிலேயே கடைசியாக அச்சான காசு எந்த ஆண்டுடையதோ, அதற்கு முன்பு அந்தக் கலயம் புதைக்கப்பட்டிருக்க முடியாது. கறுப்புக்குள் ஒரே ஒரு காசில் ஆறாம் ஜார்ஜின் தலையும் 1938 என்ற ஆண்டும் இருந்தால் போதும். புதைத்தது நூறாண்டுக்குள்தான் என்பதை எவராலும் மறுக்க முடியாது. கடைசிக் காசு 1890-ஐச் சேர்ந்தது என்றாலும் உங்கள் கட்சி தோற்றுவிடாது. விக்டோரியா ரூபாய் அவர் காலத்துக்குப் பிறகும் பல ஆண்டுகள் கைமாறிக்கொண்டிருந்தது. அப்போது கலயத்தின் வனைவு, அடுப்படியின் காலம், வீடு கட்டிய பத்திரம் ஆகியவற்றைக் கொண்டு வாதாட வேண்டிவரும். ஆனால் குவியலிலிருந்து பத்துக் காசு நகைக்கடைக்குப் போய்விட்டால், விடை சொல்லக்கூடிய காசு அந்தப் பத்தில் ஒன்றாக இருந்திருக்கலாம். உங்கள் உரிமையை நீங்களே எடைக்குப் போட்டதாக ஆகிவிடும்.

தேய்ப்பதையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். 1939 வரை அச்சான ரூபாய் 11.66 கிராம் எடை கொண்டது, அதில் 91.7 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. மண்ணில் கிடக்கும்போது வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்து கறுக்கிறது, உப்போடு சேர்ந்து சாம்பல் நிற மேலோடு பிடிக்கிறது, செம்பு பச்சையாகக் கசிகிறது. அந்தக் கறுப்பும் பச்சையும் வெளியிலிருந்து ஒட்டிய அழுக்கு என்று நினைக்கிறோம். உண்மையில் அது நாணயத்தின் உலோகமே மாறிப்போன நிலை. புளியின் புளிப்பு அதைக் கரைக்கும்போது, எழுத்தின் விளிம்பும் சேர்ந்து போகிறது. விபூதியோ பற்பசையோ போட்டுத் தேய்த்தால் நுண்ணிய கீறல்கள் விழுகின்றன. பட்டறையில் திராவகத்தில் முக்கினால் கேட்கவே வேண்டாம். வீட்டு வெள்ளி விளக்கை இப்படித் தேய்த்தால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது, அதில் படிக்க வேண்டிய எழுத்து இல்லை. உங்கள் கையிலிருக்கும் ரூபாயின் பின்புறத்தை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். 1862 என்று ஆண்டு போட்டிருக்கும் ரூபாய்கள் எல்லாமே அந்த ஆண்டில் அச்சானவை அல்ல. 1870-களின் தொடக்கம் வரை அதே 1862-ஐப் போட்டே அச்சடித்தார்கள். ஆண்டெண்ணின் அருகே கடுகிலும் சிறியதாக இருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் வைத்துத்தான், எந்த ஆண்டு, எந்த அக்கசாலை என்று நிபுணர்கள் பிரிக்கிறார்கள். அடுத்த தேய்ப்பில் முதலில் மழுங்கப்போவது அந்தப் புள்ளிகள்தான். மேற்பரப்பு எவ்வளவு பேசும் என்பதற்கு, 1898-இல் புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகள் சாட்சி. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே வெட்டு இருந்தது. அந்தக் காசு இனி செல்லாது என்று இங்கே அடையாளமிட்டிருக்கிறார்கள் என ஆய்வாளர்கள் விளக்கினார்கள். மொத்தக் குவியலாகவும் கிடைத்தபடியும் பதிவானதால்தான் அப்படி ஒரு விளக்கம் பிறந்தது.

இதுவரை நான்கைத் தேய்த்தது குற்றமா? புதையலின் அடையாளம் மறையும்படி அதை மாற்றினாலோ, மாற்ற முயன்றாலோ தண்டனை என்கிறது 20-ஆம் பிரிவு. தகவல் தராமல் விட்டாலும் அதே பிரிவுதான். எடுத்தவருக்குரிய பங்கு அரசுக்குப் போய்விடும். ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். உருக்குவது இந்தப் பிரிவுக்குள் நேராக வரும். தலை யாருடையது என்று பார்க்க நான்கு காசைத் தேய்த்தது, அடையாளத்தை மறைக்கும் செயல் ஆகாது என்பதே என் கருத்து. உங்கள் நோக்கம் அடையாளத்தைக் காண்பதாகத்தான் இருந்தது. ஆனால் தகவல் தராமல் நாள் கடத்திக்கொண்டே முப்பதையும் திராவகத்தில் முக்கினால் இந்த விளக்கம் எடுபடாது. நகைக்கடைக்காரர் விஷயமும் இதோடு சேர்ந்ததே. நூறாண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி தொல்பொருள். விக்டோரியா காசுகள் அனைத்தும் இதில் அடங்கும். தொல்பொருளை வாங்கி விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். தனியார் எவரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அனுப்பினால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்றாண்டு சிறை.

எல்லாம் போய்விடும் என்ற நண்பரின் பயம் பாதிதான் சரி. யாருடையது என்று நிறுவ முடியாத புதையலை உரிமையாளர் இல்லாதது என ஆட்சியர் அறிவிப்பார். அப்போது எடுத்தவரும் நில உரிமையாளரும் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தப்படி பிரித்துக்கொள்ளலாம். ஒப்பந்தம் இல்லையென்றால் முக்கால் பங்கு எடுத்தவருக்கு, கால் பங்கு நில உரிமையாளருக்கு. கருவியைப் பிடித்திருந்தவர் உங்கள் நண்பர் என்பதை மறந்துவிடாதீர்கள். எடுத்தவர் நான்தான் என்று அவர் நாளை வந்து நிற்கலாம். இப்போதே உங்கள் அப்பா, நீங்கள், அவர் மூவரும் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வது நட்புக்கும் நல்லது. நண்பரின் பயத்தில் நியாயமான பாதி புதையல் சட்டத்தின் 16-ஆம் பிரிவில் இருக்கிறது. பொருளை ஒப்படைப்பதற்கு முன் அரசு விரும்பினால் அதைத் தானே எடுத்துக்கொள்ளலாம். அதற்குத் தரும் தொகை, உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் மட்டுமே. ஓர் அரிய நாணயத்தின் சந்தை விலை அதன் வெள்ளி விலையைப்போல் பல மடங்கு இருக்கும். நேர்மையாகத் தகவல் தருபவனுக்கு எடை விலையும் சிறு கூடுதலும் கொடுத்து அனுப்புவது அநீதி. ஒளித்து உருக்குபவனுக்கு இந்தப் பிரிவே ஒரு சாக்கைக் கொடுக்கிறது. இங்கிலாந்தில் 1996-இன் புதையல் சட்டம் வேறு வழியில் போகிறது. அங்கே கண்டெடுத்தவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் பொருளை எடுத்துக்கொண்டால் முழுச் சந்தை மதிப்பும் வெகுமதியாகக் கணக்கிடப்பட்டு, எடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் பகிரப்படுகிறது. நம் 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த ஒரு பிரிவையாவது நாடாளுமன்றம் மாற்றியே ஆக வேண்டும். அது மாறும்வரை, சட்டம் அநியாயம் என்று சொல்லி ஒளித்துவைப்பது நீதிமன்றத்தில் பதிலாகாது. உங்களைப் பொறுத்தவரை சாதாரண விக்டோரியா ரூபாய்களை அரசு கையகப்படுத்தும் என்று முன்கூட்டியே பயப்படவும் காரணம் இல்லை.

‘ஊரில் யார் சொல்கிறார்கள்?’ என்பது அடுத்த வாதமாக வரும். சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2024 ஜூலையில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் செங்களாயியில் ஊரக வேலைத் திட்டத்துப் பெண்கள் மழைக்குழி வெட்டும்போது தங்க, வெள்ளிப் பொருட்களும் காசுகளும் வந்தன. வெடிகுண்டோ என்று முதலில் பயந்தவர்கள், பின்பு அப்படியே காவல்துறையிடம் ஒப்படைத்தார்கள்.

ஆற்றில் தேடும் யோசனையை விட்டுவிடுங்கள். அமராவதி மணல் சாதாரண மணல் இல்லை. சேரர் தலைநகர் வஞ்சி என்று பல ஆய்வாளர்கள் ஏற்கும் கரூரின் ஆற்றுப்படுகையில்தான் ரோமானியக் காசுகளும், ‘மாக்கோதை’ என்று தமிழ்ப் பிராமியில் பெயர் பொறித்த சேரரின் வெள்ளிக் காசும் கிடைத்திருக்கின்றன. மணலில் தனியாகக் கிடக்கும் ஒரு காசு, யாரும் மறைத்து வைக்காமல் தவறி விழுந்தது, ஆகவே அது புதையல் இல்லை என்று வாதிட இடமுண்டு. அந்த வாதம் வென்றாலும் காசு உங்களுடையதாகிவிடாது. படுகை அரசுப் புறம்போக்கு. பிறர் பொருள் என்று தெரிந்தே நேர்மையற்று எடுத்துக்கொண்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவு வரும், ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறை. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடத்தில் அனுமதியின்றித் தோண்டினால் அது தனிக் குற்றம். எந்த மண்ணடுக்கில், எந்தப் பானை ஓட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்ற தகவல் இல்லாமல் பிடுங்கிய மாக்கோதைக் காசு, சேரர் வரலாற்றுக்குப் பாதி இழப்பு.

இனிச் செய்ய வேண்டியது இதுதான். காசுகளை மண்ணோடு அப்படியே ஒவ்வொன்றாக வெள்ளைத் தாளில் மடித்து எண் போடுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். கலயத்தின் ஓடுகளையும் சேர்த்து வையுங்கள். குழியையும் காசுகளையும் இரு பக்கமும் படம் எடுங்கள். எண்ணிக்கை, எடை, இடத்தின் சர்வே எண், கண்டெடுத்த தேதி, நான்கு காசுகளைத் தேய்த்த விவரம், தாத்தாவின் வழியில் உங்கள் குடும்பம் உரிமை கோருகிறது என்ற வாசகம், எல்லாம் ஆட்சியருக்கான கடிதத்தில் இருக்கட்டும். தேய்த்ததை மறைக்காதீர்கள், அதை நீங்களே சொல்வதுதான் உங்கள் நல்லெண்ணத்துக்கு ஆதாரம். கடிதத்தை நேரில் கொடுத்து முத்திரையிட்ட நகல் வாங்குங்கள், அல்லது ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்புங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் தாசில்தாருக்கும் நகல் போகட்டும். கருவூலத்தில் ஒப்படைக்கும்போது ஒவ்வொரு காசின் எடையும் ஆண்டும் குறித்த ரசீது கேளுங்கள். வெறும் ‘வெள்ளி நாணயங்கள்’ என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள். சுத்தம் செய்தே ஆக வேண்டும் என்றால், எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் இருக்கிறது. அந்தக் கோரிக்கையையும் ஆட்சியருக்கான கடிதத்திலேயே எழுதுங்கள். மாநிலத் திருத்தங்கள் ஏதும் உங்களைப் பாதிக்கின்றனவா என்பதை ஒப்படைக்கும் முன் உள்ளூர் வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ‘கூடிய விரைவில்’ என்று சட்டம் சொல்லும் காலம், கலயத்தைத் தோண்டி எடுத்த அன்றே ஓடத் தொடங்கிவிட்டது. இந்தப் பதிலைப் படித்த மறுநாளே கடிதம் போய்விட வேண்டும்.