ஸ்பீக்கர் பழுதா? தூக்கிப் போடுமுன் சோதித்துப் பாருங்கள்

கம்ப்யூட்டருடன் இணைத்துப் பாட்டுக் கேட்கும் ஸ்டீரியோவில் ஒரு பக்கம் திடீரென ஊமையாகி விடுகிறது. அல்லது சத்தத்தைக் கூட்டினால் கர கரவென்று இரைகிறது. உடனே புது ஸ்பீக்கர் வாங்கக் கிளம்பி விடுகிறோம். பழுது உண்மையிலேயே ஸ்பீக்கரில்தானா, ஸ்பீக்கரில் என்றால் எந்தப் பாகத்தில், அதை எரித்தது எது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்த பிறகு கடைக்குப் போவதே நல்லது. அந்த விடைகளை வீட்டிலேயே கண்டுபிடிக்கும் முறையை இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்ப்போம்.

தேவையான பொருட்கள்

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 1.5 வோல்ட் பென் டார்ச் செல் ஒன்று, இரண்டு துண்டு வயர், ஸ்க்ரூ டிரைவர், சால்டரிங் அயர்ன் ஆகியவை போதும். கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளை நிறுவிக் கொள்ளுங்கள். சோதனைக்குத் தேவையான ஒலிகளை அதிலேயே உருவாக்கலாம்.

முதல் சோதனை ஆம்ப்ளிஃபையருக்கு

ஒரு ஸ்பீக்கர் பாடவில்லை என்றால் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை, பாடுகிற ஸ்பீக்கரைக் கழற்றி அந்தப் பக்கம் மாட்டிப் பார்ப்பது. இதில் ஓர் ஆபத்து இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் இடது ஸ்பீக்கர் எரிந்து போனது. கடையில் புதிதாகக் காயில் போட்டு வாங்கி வந்தார். அன்று மாலையே அதுவும் போய் விட்டது. சந்தேகம் தீர, வலது ஸ்பீக்கரை இடப்பக்கம் மாட்டியிருக்கிறார். அதுவும் சில நிமிடங்களில் கருகிய வாடையுடன் நின்று விட்டது. நான் மீட்டரை வைத்துப் பார்த்தபோது ஆம்ப்ளிஃபையரின் இடது வெளியீட்டில் 14 வோல்ட் டிசி இருந்தது. உள்ளே அவுட்புட் டிரான்சிஸ்டர் ஒன்று ஷார்ட் ஆகியிருந்தது.

ஸ்பீக்கருக்கு வர வேண்டியது ஏசி வடிவிலான ஒலிச் சிக்னல் மட்டுமே. டிசி வந்தால் கோன் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு அப்படியே நின்று விடும். காயில் அசையாததால் அதன் சூட்டைத் தணிக்கும் காற்றோட்டமும் நின்று போகும். 8 ஓம் ஸ்பீக்கரின் காயிலில் உண்மையான மின்தடை சுமார் 6.5 ஓம். அதில் 14 வோல்ட் டிசி பாய்ந்தால் 30 வாட் அளவுக்கு வெப்பம் தொடர்ந்து உண்டாகும். தலைமுடி போன்ற காயில் கம்பி இதை வெகு நேரம் தாங்காது.

எனவே ஸ்பீக்கர் ஒயர்கள் இரண்டையும் கழற்றி விடுங்கள். சத்தத்தை முழுவதும் குறைத்து ஆம்ப்ளிஃபையரை ஆன் செய்யுங்கள். மீட்டரை டிசி 20 வோல்ட் அளவில் வைத்து, ஒரு பக்கத்தின் சிவப்பு, கறுப்பு முனைகளுக்கு இடையில் அளவெடுங்கள். அளவு மிகக் குறைவாக இருந்தால் மீட்டரை மில்லி வோல்ட் அளவுக்கு மாற்றிக் கொள்ளுங்கள். 50 மில்லி வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 1 வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பக்கம் எந்த ஸ்பீக்கரையும் மாட்டாதீர்கள். முதலில் ஆம்ப்ளிஃபையர் மெக்கானிக்கிடம் போக வேண்டும். அளவெடுக்கும்போது மீட்டர் முனைகள் ஒன்றோடொன்று உரசிவிடக் கூடாது.

மாற்றி மாட்டிப் பாருங்கள்

டிசி இல்லை என்று உறுதியான பிறகு, ஆம்ப்ளிஃபையரை ஆஃப் செய்து விட்டு இரண்டு ஸ்பீக்கர்களையும் இடம் மாற்றுங்கள். பழுது ஸ்பீக்கருடன் சேர்ந்து இடம் மாறினால் பழுது ஸ்பீக்கரிலோ அதன் ஒயரிலோதான். ஸ்பீக்கர் மாறியும் பழுது அதே பக்கத்தில் இருந்தால், கம்ப்யூட்டரிலிருந்து வரும் 3.5 மி.மீ. பின் உள்ள கேபிளைச் சோதியுங்கள். பின்னை லேசாகத் திருகும்போது சத்தம் வந்து வந்து போனால் கேபிள் அல்லது சாக்கெட்தான் காரணம். வால்யூம் குமிழைத் திருப்பும்போது மட்டும் கொர கொரவென்று கேட்டால் வால்யூம் கண்ட்ரோலில் தூசி சேர்ந்திருக்கிறது. கான்டாக்ட் கிளீனர் தெளித்து, பலமுறை இப்படியும் அப்படியும் திருப்பினால் பெரும்பாலும் சரியாகி விடும். பாட்டே ஓடாதபோதும் இரு பக்கமும் 'ம்ம்' என்ற உறுமல் கேட்டால் பவர் சப்ளையில் உள்ள ஃபில்டர் கெப்பாசிட்டரைச் சந்தேகிக்கலாம்.

ஸ்பீக்கரை அளந்து பாருங்கள்

மீட்டரை 200 ஓம் அளவில் வைத்து, ஒயர் கழற்றிய ஸ்பீக்கரின் முனைகளில் வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5.5 முதல் 7.5 வரை காட்டும். 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 4 வரை காட்டும். பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணை விடக் குறைவாகக் காட்டுவது இயல்பே. மீட்டர் எந்த அளவும் காட்டாமல் இடப்பக்கம் '1' மட்டும் நின்றால் எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது. 1 ஓமுக்கும் கீழே காட்டினால் காயில் உருகி ஒட்டியிருக்கலாம். அதை மாட்டினால் ஆம்ப்ளிஃபையரும் பழுதாகும்.

ஒரு பெட்டியில் வூஃபர், ட்வீட்டர் இரண்டும் இருந்தால், பெட்டியின் பின் முனைகளில் எடுக்கும் அளவு வூஃபரை மட்டுமே குறிக்கும். ட்வீட்டருக்குப் போகும் பாதையில் கெப்பாசிட்டர் இருப்பதால் மீட்டரின் டிசி அதைத் தாண்டாது. ட்வீட்டரைக் கழற்றித் தனியாக அளக்க வேண்டும்.

வூஃபருக்குச் செல் சோதனையும் உண்டு. செல்லின் பிளஸ்ஸைச் சிவப்பு முனையிலும் மைனஸைக் கறுப்பு முனையிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். 'தட்' என்ற சத்தத்துடன் கோன் வெளியே வர வேண்டும். இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்று மட்டும் உள்ளே போனால் அதன் உள் ஒயர் மாற்றி இணைக்கப்பட்டிருக்கிறது. பழுதே இல்லாமல் பேஸ் ஒலி குறைந்து கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

இரு கை விரல்களையும் கோனின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து, சமமாக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். சத்தமில்லாமல் போய்த் திரும்ப வேண்டும். 'சர சர' என்று உரசினால் காயில் காந்தத்தில் இடிக்கிறது என்று பொருள்.

அடுத்து ஆடாசிட்டியில் 'ஜெனரேட்' மெனுவில் 'சிர்ப்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தொடக்கம் 30 ஹெர்ட்ஸ், முடிவு 300 ஹெர்ட்ஸ், நேரம் 20 நொடி, ஒலி அளவு 0.2 என்று கொடுத்துக் குறைந்த சத்தத்தில் ஓட விடுங்கள். ஒலி ஏறிக்கொண்டே போகும்போது எந்த இடத்தில் நடுக்கம் கேட்கிறதோ அங்கே நிறுத்தி, நடுமூடி, கோன் ஓரம், பெட்டியின் ஸ்க்ரூ என்று ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பாருங்கள். எதைத் தொட்டால் இரைச்சல் நிற்கிறதோ அதுவே காரணம். பல நேரங்களில் தளர்ந்த ஸ்க்ரூவை முறுக்குவதோடு வேலை முடிந்து விடும்.

பழுதும் தீர்வும்

1. அறுந்த இணைப்பு ஒயர்: முனையிலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் ஒயர் அடிக்கடி ஆடி ஆடி அறுந்து விடும். மீட்டரை வைத்தபடி இந்த ஒயரை லேசாக அசைத்தால் அளவு வந்து வந்து போகும். அதே வகைப் பின்னல் ஒயரை, பழைய நீளத்திலேயே சால்டர் செய்யுங்கள். சாதாரண ஒயர் போட்டால் விரைப்பாக இருந்து விரைவில் அறுந்து விடும்.

2. உதிரும் ஃபோம்: கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் வருடங்கள் செல்லச் செல்ல, ஈரக் காற்றில் இன்னும் விரைவாக, பொடிப் பொடியாக உதிரும். காயில் நன்றாக இருந்தால் ஸ்பீக்கரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கோனின் விட்டத்தையும் ஃப்ரேமின் விட்டத்தையும் அளந்து அதற்கேற்ற புது வளையம் வாங்குங்கள். பழைய ஃபோமையும் பசையையும் சுரண்டி எடுத்து, வளையத்தை முதலில் கோனில் ஒட்டிக் காய விடுங்கள். பிறகு ஃப்ரேமில் ஒட்டுங்கள். பசை இறுகுவதற்குள் கோனை அழுத்திப் பார்த்து, உரசாதபடி நடுவில் நிறுத்துங்கள். 24 மணி நேரம் காயட்டும். காய்ந்த பின்னும் வளைந்து கொடுக்கும் பசையே ஏற்றது. நொடியில் ஒட்டும் பசை, சரிசெய்ய அவகாசம் தராது.

3. கிழிந்த பேப்பர் கோன்: சிறு கிழிசலாக இருந்தால் மெல்லிய டிஷ்யூ பேப்பரை வெள்ளைப் பசையில் நனைத்து இரு புறமும் ஒட்டுங்கள். பசை அதிகமானால் கோனின் எடை கூடி ஒலி மாறும்.

4. மங்கிய ட்வீட்டர்: ட்வீட்டர் சரியான அளவு காட்டியும் ஒலி மங்கலாக இருந்தால் அதனுடன் உள்ள கெப்பாசிட்டர் வறண்டிருக்கலாம். 8 ஓம் ட்வீட்டருடன் 4.7 மைக்ரோ ஃபேரட் இருந்தால் சுமார் 4,200 ஹெர்ட்ஸ் முதல் ஒலி அதற்குப் போகும். கெப்பாசிட்டரின் அளவு பாதியானால் அந்த எல்லை சுமார் 8,500க்கு ஏறி விடும். குரலின் தெளிவு போய் விடும். மாற்றும்போது அதே அளவுள்ள, பிளஸ் மைனஸ் இல்லாத பைபோலார் வகை அல்லது ஃபிலிம் வகையையே கேட்டு வாங்குங்கள்.

5. எரிந்த காயில்: இதை வீட்டில் செய்வது கடினம். நல்ல வூஃபர் என்றால் கோன், காயில் மாற்றித் தரும் கடையில் கொடுக்கலாம். சென்னையில் உள்ளவர்களுக்கு ரிச்சி தெரு பக்கம் உதிரி பாகங்கள் கிடைக்கும். சிறிய ட்வீட்டரை முழுதாக மாற்றுவதே எளிது.

மீண்டும் எரியாமலிருக்க

ஆம்ப்ளிஃபையரின் வாட் குறைவு, அதனால் ஸ்பீக்கர் எரியாது என்று பலர் நினைக்கிறார்கள். 30 வாட் ஆம்ப்ளிஃபையரை அதன் எல்லைக்கு மேல் முடுக்கினால் ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டு, 60 வாட் வரை கூட வெளியே வரும். கூடவே உண்டாகும் கீச்சு ஒலிகள் நேராக ட்வீட்டருக்குப் போகின்றன. பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட் முழுப் பெட்டிக்கானது. ட்வீட்டர் மட்டும் அதில் சிறு பங்கையே தாங்கும். எனவே ஒலி கரகரக்கத் தொடங்கியதும் குமிழைக் குறைத்து விடுங்கள்.

பழுது பார்த்து முடித்த ஸ்பீக்கரை மாட்டுமுன், ஆம்ப்ளிஃபையர் வெளியீட்டில் டிசி இருக்கிறதா என்று இன்னொரு முறை அளந்து விடுங்கள். ஒரு நிமிட வேலைதான். உங்கள் உழைப்பும் பணமும் மறுபடி கருகாமல் அது காப்பாற்றும்.