காரில் உடன் வந்தவருக்குக் காயம்: செலவு யார் பொறுப்பு?

மயிலாப்பூரிலிருந்து கோயம்பேட்டுக்குச் சரக்கெடுக்க வணிக நண்பரின் சொந்தக் காரில் போகிறோம். வழியில் விபத்து, நமக்குக் காயம். ஆஸ்பத்திரி பில்லை யார் கட்டுவது?

முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் உதவும். அதன் பட்டியலிலுள்ள மருத்துவமனையாக இருக்க வேண்டும். தொகைக்கு வரம்பு உண்டு.

பிந்தைய செலவுக்கு, தவறு எதிர் வண்டியுடையது என்றால் அதன் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கோரலாம். தவறு நண்பரின் கார் மீது என்றால் பாலிசியைப் பார்க்க வேண்டும். வெறும் மூன்றாம் நபர் பாலிசி, சொந்தக் காரில் இலவசமாக உடன் வருபவருக்குப் பொறுப்பேற்காது. பேக்கேஜ் பாலிசி ஏற்கும். இதை 2012-ல் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கியது.

கொள்முதல் பில் போலவே மருந்துப் பில்லையும், எஃப்.ஐ.ஆர். நகலையும் பத்திரப்படுத்துவோம். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்துவிடுவது நல்லது.

கார் வைத்திருக்கும் வணிகர்கள் இன்றே பாலிசியை எடுத்துப் பாருங்கள்.