முதியோர் இல்லத்தில் இரவு நேர அவசரமா? வீடியோவில் டாக்டரை அழைக்கும் முன்...

முதியோர் இல்லங்களில் பகலில் டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போவார். இரவில் பெரும்பாலும் ஒரு நர்ஸ், ஓர் ஆயா, ஒரு வாட்ச்மேன், அவ்வளவுதான். இரண்டு மணிக்கு ஒரு பாட்டிக்கு மூச்சு இரைத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதா, விடியும்வரை பார்ப்பதா? தேவையில்லாத இரவுப் பயணமும் முதியவரை வாட்டும். புது இடத்தில் புத்தி தடுமாறும், படுத்தே இருந்து படுக்கைப்புண் வரும், தொற்றும் ஒட்டிக்கொள்ளும். முடிவெடுக்க முடியாமல் தவிக்கும் இப்படிப்பட்ட நேரங்களில் வீடியோவில் ஒரு டாக்டர் கிடைப்பது பெரிய பலம். முன்கூட்டியே தயாராக இருந்தால்தான் அந்தப் பலம் கைகொடுக்கும்.

1. சில அறிகுறிகளைக் கண்டால் முதல் அழைப்பு 108-க்குத்தான். முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை துவளுவது, பேச்சு குழறுவது, நெஞ்சு வலி, ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாத மூச்சுத்திணறல், நினைவு தப்புவது, நிற்காத ரத்தப்போக்கு ஆகியவை அவை. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு, அவரைக் கடைசியாக நன்றாகப் பார்த்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. அந்த நேரத்தை எழுதி ஆம்புலன்ஸ் ஊழியரிடம் கொடுங்கள். வண்டி வந்துசேரும்வரை முதலுதவி கேட்க டாக்டரை வீடியோவில் அழைக்கலாம். மத்திய அரசு 2020 மார்ச் 25-ல் வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறைகளும் இதையே சொல்கின்றன: அவசர நிலையில் தொலைமருத்துவ ஆலோசனை என்பது முதலுதவிக்கும் எங்கே கொண்டுபோவது என்று வழிகாட்டுவதற்கும் மட்டும்.

2. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத் தாள் தயாராக இருக்கட்டும். பெயர், வயது, நோய்கள், எந்த மாத்திரை எத்தனை மில்லிகிராம், எந்த மருந்து ஒவ்வாது, கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி எங்கே இருக்கிறது, பிள்ளைகளின் எண்கள் ஆகியவை அதில் வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையைச் சிவப்பு மையில் எழுதுங்கள். பலரும் விட்டுவிடுவது, அவருடைய வழக்கமான நிலை. சாதாரண நாளில் ரத்த அழுத்தம் எவ்வளவு, ஆக்சிஜன் அளவு எவ்வளவு, தானாக நடப்பாரா, மகளை அடையாளம் தெரியுமா? அவரை முதன்முதலாகப் பார்க்கும் டாக்டருக்கு, இன்று என்ன மாறியிருக்கிறது என்பது இந்தக் குறிப்பை வைத்துத்தான் பிடிபடும். மருந்து மாறும் அன்றே தாளையும் மாற்றுங்கள். பழைய தாள், தாளே இல்லாததைவிட ஆபத்து.

3. அழைப்பதற்கு முன் ஐந்து அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, ஆக்சிஜன், உடல் வெப்பம், சர்க்கரை. பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டும் விரலில் மருதாணியோ நகப்பூச்சோ இருந்தால் அளவு தவறலாம். விரல் சில்லிட்டிருந்தாலும் அப்படித்தான். தேய்த்துச் சூடாக்கி மாட்டுங்கள். எண் நிலைக்கும்வரை பொறுத்திருந்து குறித்துக்கொள்ளுங்கள். பி.பி. பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றாதீர்கள்.

4. சர்க்கரை 70-க்குக் கீழே போய், அவர் விழிப்போடு இருந்து விழுங்கவும் முடிந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. அவருக்கு 108 மட்டுமே. கிளிமெபிரைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை ஏறிய பிறகும் திரும்ப இறங்கலாம். எனவே தெளிந்துவிட்டார் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் பேசுங்கள்.

5. வெளிச்சம் முதியவரின் முகத்தில் விழ வேண்டும். விளக்கு அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தால் டாக்டருக்கு முகம் தெரியாது. ஒருவர் போனைப் பிடிக்கட்டும், இன்னொருவர் பதில் சொல்லட்டும். மூச்சைக் காட்டும்போது மார்புத் துணியை விலக்கி, ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். 12 முதல் 20 வரை இயல்பு. 25-க்கு மேல் போனால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். கால் வீக்கம் இருந்தால் கட்டைவிரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று காட்டுங்கள். சிக்னல் தடுமாறினால் வீடியோவை நிறுத்திவிட்டுக் குரலில் தொடருங்கள். படம் வேண்டும் என்று நோயாளியை அறைக்கு அறை நகர்த்த வேண்டாம்.

6. விழுந்தவரைச் சட்டென்று தூக்கி உட்கார வைக்காதீர்கள். ஒரு கால் குட்டையாகத் தெரிந்து பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் ஆம்புலன்ஸை வரவழையுங்கள். தலையில் அடிபட்டவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் ஆஸ்பத்திரி போகத்தான் வேண்டும். மண்டைக்குள் கசிவதை எந்த கேமராவும் காட்டாது.

7. "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று கடந்துபோகும் மாற்றங்களில்தான் எனக்கு அதிகக் கவலை. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று உளறுகிறார், தூங்கி வழிகிறார், சாப்பாட்டைத் தள்ளுகிறார். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடலில் உப்புச்சத்து குறைவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, எதுவும் காரணமாக இருக்கலாம். முதியவர்களுக்குத் தொற்று வந்தாலும் காய்ச்சல் அடிக்காமல் போகலாம். நீண்டநாள் சர்க்கரை நோயாளிக்கு நெஞ்சு வலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். திடீர் வியர்வை, மூச்சிரைப்பு, வாந்தி மட்டும்தான் தெரியும். டாக்டரிடம், "நேத்து சாயந்தரம் வரைக்கும் இப்படி இல்லை" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

8. பேச முடிந்தால் முதியவரே பேசட்டும். காதுக்கருவியையும் கண்ணாடியையும் முதலில் மாட்டிவிடுங்கள். டாக்டரிடம் காட்டலாமா என்று அவரிடமே கேளுங்கள். கதவைச் சாத்திவிட்டு, தேவையான அளவுக்கு மட்டும் உடையை விலக்குங்கள். மறதி நோயால் சம்மதம் சொல்ல முடியாதவருக்காகப் பராமரிப்பவர் பேச நெறிமுறைகள் இடம் தருகின்றன. அந்த வீடியோவை உறவினர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள்.

9. பிள்ளைகள் நாலு ஊரில் இருந்தால் முடிவு சொல்பவர் ஒருவராக இருக்கட்டும். எந்த ஆஸ்பத்திரி, ஐ.சி.யூ.வில் எதுவரை சிகிச்சை என்பதை அம்மாவும் அப்பாவும் நன்றாக இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

10. டாக்டர் சொல்வதை எழுதிக்கொண்டு, எழுதியதை அவருக்கே படித்துக் காட்டுங்கள். எந்த அளவு எவ்வளவுக்குப் போனால் மறுபடி அழைக்க வேண்டும், எதைக் கண்டால் உடனே கிளம்ப வேண்டும் என்று கேட்காமல் அழைப்பை முடிக்காதீர்கள். மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். மார்ஃபின் போன்ற மருந்துகளையும் சில வகைத் தூக்க மாத்திரைகளையும் தொலைமருத்துவத்தில் எழுதித்தர அனுமதி இல்லை. வற்புறுத்த வேண்டாம்.

11. அரசின் இ-சஞ்சீவனி இலவசச் சேவை, ஆனால் அது புறநோயாளி ஆலோசனைக்கானது. நடுராத்திரி அவசரத்துக்கு அதை நம்பியிருக்க முடியாது. பக்கத்து ஆஸ்பத்திரியோடோ டாக்டரோடோ இரவு அழைப்புக்கு முன்பே பேசி வையுங்கள். இரவுப் பணியாளரை வைத்தே ஒருமுறை ஒத்திகை பாருங்கள். போன் சார்ஜ் இல்லை, குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் காலாவதியாகிவிட்டது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும்.

12. பெற்றோரைச் சேர்க்க இல்லம் பார்க்கப் போகிறவர்கள் சாப்பாடு, தோட்டம், கோயில் வசதியோடு இவற்றையும் கேளுங்கள்: இரவில் பயிற்சி பெற்ற நர்ஸ் உண்டா? எந்த டாக்டர் போனை எடுப்பார்? ஆக்சிஜன் சிலிண்டர் நிரம்பியிருக்கிறதா? லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா? தெளிவான பதில் வராத இடத்தில் அட்வான்ஸ் கட்டாதீர்கள்.