மூடி வைத்தால் முள், சொல்லிவிட்டால் கதை



காய்ச்சல் வந்தால் கிளினிக்குக்குப் போகிறோம். மனத்தில் தைத்த முள்ளுக்கு என்ன செய்கிறோம்? பெரட்டில் எல்லார் முன்னாலும் ஏச்சு வாங்கியது, தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படியில் வழுக்கி விழுந்தது, கல்யாண வீட்டில் ஆள் மாறிப் பேசியது. இப்படி ஒன்றாவது இல்லாத மனிதர் உண்டா?

வெட்கப்படும்போது அட்ரினலின் என்ற சுரப்பு நீர் ரத்தத்தில் கலக்கிறது. நெஞ்சு படபடக்கும், முகத்து ரத்தக் குழாய்கள் விரிந்து முகம் சூடாகும். கொஞ்ச நேரத்தில் அது தணிந்துவிடும். ஆனால் ராத்திரி படுத்துக்கொண்டு அதையே நினைத்தால் மறுபடியும் படபடப்பு வரும், தூக்கம் கெடும்.

"ஊரே பார்த்துச்சே!" என்று நினைக்கிறோம். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்து 2000-இல் வெளியிட்டார்கள். போட்டுக்கொள்ளவே கூசும் ஒரு பனியனை மாணவருக்கு மாட்டி, மற்ற மாணவர் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று மாணவர் நினைத்தார்கள். கவனித்ததோ கால்வாசிப் பேர்தான்!

நம்பிக்கையான ஒரு சிநேகிதரிடம் சொல்லும்போது என்ன நடக்கிறது? முதலில் இது, அப்புறம் அது என்று கோவையாகச் சொல்கிறோம். முடிவையும் சொல்லியாக வேண்டும். அப்போதே அது முடிந்துபோன கதையாகிவிடுகிறது. கேட்பவரும், "அட, எனக்கும் இப்படித்தான் நடந்துச்சு" என்பார். நாம் மட்டும் இல்லை என்ற ஆறுதல் வரும். இருவரும் சேர்ந்து சிரித்துவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

மறைத்தால் வரும் ஆபத்து சிறியதல்ல. 1935-இல் இங்கிலாந்தில் சாட் வரா என்ற இளம் பாதிரியார் 14 வயதுச் சிறுமி ஒருத்தியை அடக்கம் செய்தார். மாதவிலக்கு வந்ததைக் கெட்ட நோய் என்று பயந்து, யாரிடமும் கேட்க வெட்கப்பட்டு, அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். அதை மறக்காத அவர் 1953-இல் லண்டனில், மனச்சுமை உள்ளவர்கள் பேசுவதற்கென்றே 'சமாரிட்டன்ஸ்' அமைப்பைத் தொடங்கினார். அதே வழியில் 1970-இல் கோலாலம்பூரில் பிஃப்ரெண்டர்ஸ் தொடங்கியது. பினாங்கிலும் பிஃப்ரெண்டர்ஸ் உண்டு. பெயர் சொல்லாமலே போனில் பேசலாம், ரகசியம் காப்பார்கள்.

நம் வீடுகளிலும் மூலம், வெள்ளைப்படுதல், மார்பில் கட்டி என்று வெட்கப்பட்டு மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அக்காவிடமோ தோழியிடமோ வாய் திறந்தால், "வாடி, நானும் கூட வர்றேன்" என்று டாக்டரிடம் அழைத்துப் போவாள். நோயும் முற்றாமல் பிடிபடும்.

கவனத்தில் வைக்க வேண்டியவை:

1. ஒருவரிடம் சொன்னால் போதும். பலர் கூடும் காப்பிக்கடையில் சொல்ல வேண்டாம்.

2. வாயைக் காக்கத் தெரிந்தவரிடம் சொல்லுங்கள். உங்களிடம் ஒருவர் சொன்னதை நீங்களும் காப்பாற்றுங்கள்.

3. பிள்ளை வெட்கத்தோடு வந்து சொன்னால் கேலி செய்யாதீர்கள். ஒரு தடவை சிரித்தால் அடுத்த தடவை சொல்லாது.

4. வேலையிடத்தில் ஒருவர் தகாத முறையில் தொட்டாலோ பேசினாலோ, அது உங்கள் வெட்கமல்ல, அவர் செய்த குற்றம். சிநேகிதியோடு நிறுத்தாமல் சங்கத்திடம் சொல்லுங்கள்.

பல நாளாக ஒன்றை மனத்தில் பூட்டி வைத்திருக்கிறீர்களா? இன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் ஒரு சிநேகிதரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிப் பாருங்கள்.