படிக்காத அம்மாவும் பிள்ளையை எழுத வைக்கலாம்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், "நாங்க படிக்கலைங்க, எங்களுக்கு என்ன தெரியும்?" என்று ஒதுங்கிக்கொள்ளும் பெற்றோர் பலர். அந்தத் தயக்கத்துக்கு அடியில் இருக்கும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: பெற்றோர் படித்திருந்தால்தான் வீட்டில் எழுதப் பழக்க முடியும்.

உண்மை: அ, ஆவைப் பள்ளிக்கூடம் சொல்லித் தரும். எழுதுவதற்கான விஷயம் வீட்டில்தான் இருக்கிறது. மாசி, பங்குனியில் புளி உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை எடுத்து விற்கிற வீட்டில் எத்தனை கிலோ, என்ன விலை, யாருக்கு எவ்வளவு கூலி என்று கணக்கு ஓடும். அதை நான்காவது படிக்கிற பிள்ளையிடம் ஒப்படையுங்கள். அம்மா சொல்லச் சொல்ல எழுதட்டும், எழுதியதை உரக்க வாசிக்கட்டும். "அவரு முப்பத்தஞ்சுன்னாரு, நீ என்னடா அம்பத்திமூணுங்கற?" என்று கேட்க அம்மாவுக்குப் படிப்பு வேண்டியதில்லை. தான் எழுதியதை நம்பி வீட்டில் பணம் கைமாறுகிறது என்று தெரிந்த பிள்ளை அடுத்த வரியைக் கவனமாக எழுதும்.

பெற்றோர் கேரளம், கர்நாடகம் என்று எஸ்டேட் வேலைக்குப் போய்விட்ட வீடுகளில் பாட்டி இருக்கிறார். சாமையை இடித்துப் புடைப்பது எப்படி, அந்தக் காலத்தில் மலையிலிருந்து சந்தைக்கு எப்படி இறங்கினார்கள் என்று உண்டு உறைவிடப் பள்ளி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வரும் பேத்தி கேட்டு எழுதலாம்.

நம்பிக்கை: வீட்டுப் பேச்சு கொச்சை. அப்படியே எழுதவிட்டால் தமிழ் கெட்டுவிடும்.

உண்மை: "பலாப்பளம் பளுத்துச்சி. ராத்திரி தின்னோம். கையெல்லாம் பிசுக்கு" என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிறது என்று வையுங்கள். காதில் விழுந்ததை எழுத்தாக்குவது சின்ன வயதில் பெரிய வேலை. அதைப் பிள்ளை செய்து முடித்திருக்கிறது. அர்ஜென்டினாவில் பிறந்த எமிலியா ஃபெரேரோ, அனா டெபெரோஸ்கியுடன் சேர்ந்து 1979-ல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொல்கிறது: சிறுவர்களின் பிழைகளுக்குள் அவர்களுடைய சிந்தனையின் ஒழுங்கு இருக்கிறது. ழகரம் பின்னால் வந்துசேரும். மூன்று வரியிலும் சிவப்பு மை பாய்ந்தால், அடுத்த முறை அந்தப் பிள்ளை "பலா ஒரு பழம். அது இனிக்கும்" என்று தப்பித்துக்கொள்ளும். பிசுக்கு போய்விடும், ராத்திரி போய்விடும். எனக்கு அந்த இழப்புதான் பெரிதாகத் தெரிகிறது. முதலில் "யாரெல்லாம் தின்னீங்க?" என்று கேளுங்கள். பிறகு ஒரே ஒரு சொல்லை அக்காவோ அண்ணனோ சரியாக எழுதிக் காட்டட்டும்.

நம்பிக்கை: கையெழுத்து அழகாக இருந்தால் எழுத்து வந்துவிட்டது.

உண்மை: பார்த்துப் பத்து முறை எழுதுவது விரலுக்குப் பயிற்சி, அவ்வளவுதான். சொந்தமாக எழுதிய ஒரு வரி, கோணல்மாணலாக இருந்தாலும், அதைவிட மேல்.

நம்பிக்கை: மலைப் பிள்ளைகளுக்கு எழுத்தெல்லாம் எட்டாது.

உண்மை: இத்தாலியின் பார்பியானா என்ற மலைக் கிராமத்தில், லொரென்சோ மிலானி என்ற பாதிரியாரிடம் படித்த எட்டு மாணவர்கள் சேர்ந்து, தங்களைப் போன்றவர்களைப் பெயிலாக்கிய பள்ளிமுறையைக் கேள்வி கேட்டு ஒரு புத்தகமே எழுதினார்கள். 1967-ல் வெளியான அது பல மொழிகளுக்குப் போனது. தோன்றியதைத் துண்டுச் சீட்டில் எழுதி, சீட்டுகளை வரிசைப்படுத்தி, வேண்டாத சொல்லை நீக்கியே அதை உருவாக்கினார்கள். அண்ணன் தம்பிகள் திண்ணையில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைதான். அவ்வளவு தூரம் போவானேன்? உரிமையியல் நீதிபதித் தேர்வை எழுதி, 2024-ல் 23 வயதில் தேர்ச்சி பெற்ற வி. ஸ்ரீபதி இதே ஜவ்வாது மலைப் புலியூர்க்காரர், மலையாளிப் பழங்குடிப் பெண்.

பள்ளிக்கல்வித் துறை நடத்தும் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' சிறார் இதழ்களில் மாணவர்களின் படைப்புகளும் வருகின்றன. இந்த விடுமுறைக்கு வீட்டுக்கு வரும் பிள்ளையிடம், எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்குப் பிடித்ததை இதழுக்கு அனுப்பச் சொல்லி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள்.