துடுப்புச் சக்கரக் கப்பல்களும் கடலோரப் பயணங்களும்

மும்பை நகரின் கிழக்கெல்லையில் தேவ்நார் அமைந்துள்ளது. அதற்குக் கிழக்கே தாணே உப்பங்கழி தெற்கு நோக்கிச் சென்று மும்பைத் துறைமுகத்தோடு கலக்கிறது. பெரு ஓதங்களின்போது இங்கு நீர்மட்டம் ஏறத்தாழ 5 மீட்டர் வரை ஏறி இறங்கும். ஓதம் வடிந்த வேளையில் அகன்ற சேற்றுவெளி தோன்றும். ஆழமாக அமிழும் கப்பல்களுக்கு அங்கு வழியில்லை. ஆழமற்ற நீர், அடிக்கடி மாறும் ஓதம், கரையோரச் சிற்றூர்கள் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த பல இடங்களில் துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் செல்வாக்குப் பெற்றது. இக்கப்பலின் வரலாறு இயந்திரவியல் பாடமாகவும், மக்களைக் கடலில் ஏற்றிச் செல்வோர் மறக்கலாகாத பாதுகாப்புப் பாடமாகவும் விளங்குகிறது.

சக்கரம் கப்பலைச் செலுத்தும் முறை

படகோட்டி துடுப்பால் நீரைப் பின்னே தள்ளுகிறான். நீர் படகை முன்னே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இதுவே. துடுப்புச் சக்கரம் என்பது பல துடுப்புகளை ஒரு வட்டத்தில் பொருத்தி இடைவிடாது சுழலச் செய்யும் அமைப்பாகும். கொதிகலனில் உண்டாகும் நீராவி உருளையினுள் உந்துதண்டை முன்னும் பின்னும் அசைக்கிறது. வணரி அவ்வசைவைச் சுழற்சியாக மாற்றுகிறது. கப்பலின் குறுக்கே செல்லும் அச்சின் இரு முனைகளிலும் சக்கரங்கள் பூட்டப்பட்டிருக்கும்.

சக்கரத்தின் அடிப்பகுதி மட்டுமே நீரில் அமிழ்ந்திருத்தல் வேண்டும். பலகைகள் ஆரைகளில் அசையாது பொருத்தப்பட்டிருப்பின், நீரினுள் புகும்போது ஒவ்வொரு பலகையும் நீரை அறைகிறது. வெளியேறும்போது நீரை மேலே வாரி இறைக்கிறது. இவ்விரண்டிலும் ஆற்றல் வீணாகிறது. சக்கரம் ஆழமாக அமிழ அமிழ இவ்விழப்பும் பெருகும். இக்குறையைப் போக்க, மையம் விலகிய வளையத்தோடு இணைந்த சிறு கம்பிகளால் ஒவ்வொரு பலகையையும் தேவையான கோணத்தில் திருப்பும் முறை பின்னர்க் கையாளப்பட்டது. அவ்வாறு திருப்பப்படும் பலகை ஏறக்குறைய செங்குத்தாகவே நீரில் இறங்கி, செங்குத்தாகவே வெளியேறும்.

தொடக்க காலக் கப்பல்கள் பிறிதொரு தொல்லையையும் பட்டன. அவற்றின் கொதிகலன்களில் கடல்நீரே ஊற்றப்பட்டது. நீர் ஆவியாக உப்பு தங்கிச் சுவர்களில் படிந்து, வெப்பம் பரவுவதைத் தடுத்தது. ஆதலின் செறிந்த உப்புநீரை அவ்வப்போது வெளியேற்ற வேண்டியிருந்தது. அதனோடு வெப்பமும், அவ்வெப்பத்தை உண்டாக்கிய நிலக்கரியும் வீணாயின. ஆவியைக் குழாய்ப் பரப்பில் குளிர்வித்து நன்னீராக மீட்கும் ஒடுக்கி பரவலான பின்னரே இத்தொல்லை நீங்கியது.

உல்லாசப் பயணத்தின் தொடக்கம்

1807-இல் அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் இராபர்ட் புல்டன் தமது நீராவிக் கப்பலை வாணிக முறையில் செலுத்தினார். 1812-இல் ஸ்காட்லாந்தின் கிளைடு கழிமுகத்தில் ஹென்றி பெல் என்பார் ‘காமெட்’ என்னும் சிறு கப்பலை ஓட்டினார். பெல் ஹெலன்ஸ்பரோ என்ற கடற்கரை ஊரில் விடுதியும் குளியலகமும் நடத்திவந்தார். விருந்தினரைக் கிளாஸ்கோ நகரிலிருந்து அங்குக் கொணர்வதே அவர் நோக்கங்களுள் ஒன்று. எனவே ஐரோப்பாவில் நீராவிக் கப்பல் வாணிகம் தோன்றியபோதே கடலோர உல்லாசப் பயணமும் அதனுடன் தோன்றியது எனலாம். பாய்க்கப்பல் காற்றை எதிர்பார்த்து நிற்கும். நீராவிக் கப்பலோ குறித்த வேளையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்பியது. ஒரு நாள் மட்டும் ஓய்வு பெற்ற நகரத் தொழிலாளியும் கடல் காணச் செல்ல இயன்றது இதனாலேயே.

இந்தியாவிலும் முதல் நீராவிப் படகு இன்பப் பயணத்திற்கே அமைந்தது. 1819-இல் அயோத்தி நவாபுக்காக அது இலக்னோவில் கோமதி ஆற்றில் மிதக்கவிடப்பட்டது. 1823-இல் கல்கத்தாவில் ‘டயானா’ வெள்ளோட்டம் விடப்பட்டது. 1825-இல் ‘என்டர்பிரைஸ்’ பாய்களின் துணையோடு இங்கிலாந்திலிருந்து கல்கத்தாவை அடைந்தது.

பம்பாயின் ‘ஹியூ லிண்ட்சே’

மேற்குக் கரையின் புகழ்பெற்ற சான்று ‘ஹியூ லிண்ட்சே’ ஆகும். பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்தில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தால் கட்டிய இக்கப்பல் 1829-இல் நீரில் இறக்கப்பட்டது. இதன் கொள்ளளவு 411 டன். ஒவ்வொன்றும் 80 குதிரைத்திறன் கொண்ட இரண்டு இயந்திரங்கள் இதில் பொருத்தப்பட்டன. 1830 மார்ச் 20-ஆம் நாள் பம்பாயை விட்டுப் புறப்பட்டு, ஏப்ரல் 22-இல் சூயசை அடைந்தது. அந்த 33 நாள்களில் கப்பல் கடலில் ஓடியது சுமார் 21 நாள்களே. எஞ்சியவை வழித்துறைகளில் நிலக்கரி ஏற்றுவதில் கழிந்தன.

இப்பயணத்தின் இடர் ஓர் எளிய கணக்கில் அடங்கியது. ஏறத்தாழ ஐந்தரை நாள்களுக்குப் போதிய நிலக்கரி ஏற்றும்படியே கப்பல் அமைக்கப்பட்டிருந்தது. ஏடன் செல்லவோ பதினொரு நாள் வேண்டும். ஆகவே இடம் கண்டவிடமெல்லாம் நிலக்கரி கொட்டப்பட்டது. சுமை மிகுந்ததால் கப்பல் அமிழ்ந்தது. சக்கரங்களும் அளவுக்கு மீறி அமிழ்ந்தன. அதனால் வேகம் குன்றியது. நிலக்கரி எரிந்து தீரத் தீரக் கப்பல் உயர்ந்தது. ஏடனை அடைந்தபோது ஆறு மணி நேரத்திற்குப் போதிய கரியே எஞ்சியிருந்தது. சுமை மாறும்போதெல்லாம் சக்கரத்தின் அமிழ்வும் மாறுவது நெடும்பயணத்தில் பெருங்குறையாகும். குறும்பயணத்தில் எரிபொருளின் எடை சிறிதாதலின் இக்குறை பொருட்படுத்தத் தக்கதன்று. துடுப்புச் சக்கரம் பெருங்கடலை இழந்தும் கரையோரத்தை இழவாமைக்கு இதுவே முதற் காரணம்.

திருகு உந்தியின் வெற்றி

1845-இல் பிரிட்டிஷ் கடற்படை ஒரு சோதனை நடத்தியது. திருகு உந்தி பூண்ட ‘ராட்லர்’, துடுப்புச் சக்கரம் பூண்ட ‘அலெக்டோ’ ஆகிய இரண்டையும் பின்புறத்தோடு பின்புறம் கட்டி எதிரெதிரே இழுக்கச் செய்தனர். ராட்லர் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வேகத்தில் அலெக்டோவை இழுத்துச் சென்றது. அச்சோதனையில் ராட்லரின் இயந்திரம் கூடுதல் திறனை வெளிப்படுத்தியதையும் ஆசிரியர்கள் சுட்டிக்காட்டல் நலம். ஒப்பீட்டுச் சோதனையில் ஏனைய நிலைமைகள் சமமாக இருத்தல் வேண்டும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும். எனினும் திருகு உந்தியின் மேன்மை உறுதியானதே. அது நீரினுள் முழுதும் அமிழ்ந்து, சுமை மாறினும் கப்பல் சாயினும் பெரும்பாலும் தன் பணியைச் செய்துவரும்.

இரண்டு முறைகளையும் ஒருங்கே கொண்ட ‘கிரேட் ஈஸ்டர்ன்’ பம்பாய்த் துறைமுகத்திற்கே வந்தது. சுமார் 17 மீட்டர் விட்டமுள்ள துடுப்புச் சக்கரங்களும், பின்புறத்தே திருகு உந்தியும் உடைய அப்பெருங்கப்பல் 1870-இல் பம்பாயிலிருந்து ஏடனுக்குக் கடலடித் தந்திக் கம்பியைப் பதித்தது. அதற்கு முன்னரே, 1853 ஏப்ரல் 16-இல், பம்பாய்க்கும் தாணேவுக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டுவிட்டது. கழிவழிப் பயணத்திற்குத் தரையில் ஒரு போட்டி தோன்றியது. தெற்கே கொங்கணக் கரையூர்களுக்கோ நெடுங்காலம் நீராவிக் கப்பலே துணையாயிற்று. மராத்தி மக்கள் அதனை ‘ஆக்போட்’, அதாவது நெருப்புப் படகு, என வழங்கினர்.

சாய்வு என்னும் பகை

மிதக்கும் பொருளின் எடை கீழ்நோக்கியும், நீரின் மிதப்பு விசை மேல்நோக்கியும் செயற்படுகின்றன. கப்பல் சிறிது சாய்ந்தால் அமிழ்ந்த பகுதியின் வடிவம் மாறி, மிதப்பு விசையின் மையம் சாய்ந்த பக்கம் நகர்ந்து, கப்பலை நிமிர்த்துகிறது. மக்கள் மேல்தளத்தில் நெருங்கினால் எடையின் மையம் உயரும். நிமிர்த்தும் ஆற்றல் குறையும். அனைவரும் ஒரே பக்கம் ஓடினால் அம்மையம் பக்கவாட்டிலும் விலகும். துடுப்புச் சக்கரக் கப்பலில் மற்றொரு விளைவும் உண்டு. வலப்புறம் சாய்ந்தால் வலச் சக்கரம் ஆழமாகப் புதைய, இடச் சக்கரம் நீரைவிட்டு எழும். கப்பல் நேர்வழி பிறழும்.

திருகு உந்தி வந்ததால் இரண்டாவது தொல்லை தீர்ந்தது, முதலாவது தீரவில்லை. 1947 ஜூலை 17-ஆம் நாள் காலை, மும்பையிலிருந்து ரேவஸ் நோக்கி ‘இராமதாஸ்’ என்னும் பயணிகள் கப்பல் புறப்பட்டது. அது 1936-இல் கட்டப்பட்டது. துடுப்புச் சக்கரக் கப்பலன்று. பருவமழைக் கடலில் பேரலை தாக்கியதும், அஞ்சிய பயணிகள் ஒரு பக்கம் திரள, கப்பல் கவிழ்ந்தது. அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கப்பலில் கம்பியில்லாத் தந்தி இல்லாமையால் பல மணி நேரம் நகருக்குச் செய்தி எட்டவில்லை. உயிர் பிழைத்தோருள் பலரை மீனவர்களே மீட்டனர். 2024 டிசம்பர் 18-இல் எலிபெண்டா தீவுக்குச் சென்ற ‘நீல் கமல்’ என்னும் பயணப் படகு விரைவுப் படகொன்றால் மோதுண்டு மூழ்கியபோதும் உயிர்கள் மடிந்தன. காரணங்கள் வேறாயினும், உயிர்காப்பு அங்கி கைக்கெட்டும் தொலைவில் இருப்பது போதாது, உடலில் அணியப்பட்டிருத்தல் வேண்டும் என்பதே அந்நிகழ்ச்சி உணர்த்தும் பாடம்.

எஞ்சி நிற்பவை

1946-இல் நீரில் இறக்கப்பட்டு மறு ஆண்டு பணி தொடங்கிய ‘வேவர்லி’ கடலில் பயணிகளை ஏற்றிச் செல்லும் கடைசித் துடுப்புச் சக்கர நீராவிக் கப்பலாகப் பெயர் பெற்றது. 1974-இல் அது ஆர்வலர் சங்கமொன்றுக்கு ஒரு பவுனுக்கு விற்கப்பட்டு, சீர்செய்யப்பட்டு, மீண்டும் உல்லாசப் பயணங்களில் ஓடியது. வங்கதேசத்தின் ஆறுகளில் துடுப்புச் சக்கரக் கப்பல்கள் இருபத்தோராம் நூற்றாண்டிலும் மக்களைச் சுமந்தன. 1940-களில் டம்பார்ட்டனில் கட்டப்பட்ட ‘போபால்’ கல்கத்தாவில் புதுப்பிக்கப்பட்டது.

வகுப்பறைச் சோதனை

ஒரு சாண் நீளமுள்ள மெல்லிய பலகையின் பின்புறத்தைக் கவை வடிவில் வெட்டி, இடையே இரப்பர் வளையமும் சிறு தகட்டுத் துடுப்பும் பொருத்துக. வளையத்தைப் பத்துச் சுற்று முறுக்கித் தொட்டியில் விட்டு, படகு செல்லும் தொலைவை அளக்க. பின்னர்ப் படகில் நாணயங்களை ஒவ்வொன்றாக ஏற்றி, துடுப்பு அமிழும் அளவையும் சென்ற தொலைவையும் அட்டவணைப்படுத்துக. ‘ஹியூ லிண்ட்சே’ பட்ட இடரை மாணவர் தாமே காண்பர். அடுத்து, அதே நாணயங்களை முதலில் நடுவிலும், பின்பு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியும், இறுதியில் ஓர் ஓரத்திலும் வைத்துப் படகு எப்போது கவிழ்கிறது எனக் குறிக்கச் செய்க. எடை மாறவில்லை; வைத்த இடமே மாறியது என்பதை மாணவர் வாயிலாகவே வருவித்தல் வேண்டும்.

களப்பணியாளர் படகுத்துறைகளில் நான்கினைக் கவனித்தல் நலம்: அனுமதித்த எண்ணிக்கைக்கு உட்பட்டு மக்கள் ஏறியுள்ளனரா? மேல்தளத்தில் நெரிசல் உண்டா? அனைவரும் உயிர்காப்பு அங்கி அணிந்துள்ளனரா? கரையோடு செய்தி பேசும் கருவி இயங்குகிறதா? அலை எழுந்தால் ஒரு பக்கம் ஓடாது அமர்ந்த இடத்திலேயே இருத்தல் வேண்டும் என்பதைப் புறப்படும் முன்னரே பயணிகளுக்கு எடுத்துரைத்தல் வேண்டும். அலை எழுந்த பின் அதனைச் சொல்வதால் பயனில்லை.