ஆற்றல் எந்த வழியாக வருகிறது?

அன்புள்ள கண்ணு,

மின்னியக்கவியலில் மூன்றாவது பயிற்சித் தாளிலும் பாதிக்குக் கீழேதான் மதிப்பெண் என்று எழுதியிருந்தாய். இங்கே பி.எஸ்சி.யில் முதல் வகுப்பு வாங்கியவளுக்கு வலிக்கத்தான் செய்யும். இங்கே டெரிவேஷனைப் பிசகாமல் எழுதினால் போதும். பழைய கேள்வித்தாளைப் புரட்டினாலே தேறிவிடலாம். ஜெர்மனியில் வாரம் ஒரு தாள், அதில் நீ பார்த்தேயிராத கணக்குகள். பல பல்கலைக்கழகங்களில் பாதி மதிப்பெண் சேர்ந்தால்தான் இறுதித் தேர்வுக்கே விடுவார்கள். அதனால் படிக்கும் முறையை இப்போதே மாற்றிக்கொள்.

தொகையீட்டில் கை வைக்கும் முன் புலம் எங்கே, எந்தத் திசையில் இருக்கிறது என்று படம் போடு. நான் கேட்பது இது ஒன்றைத்தான்.

நேரான ஒரு கம்பியை எடுத்துக்கொள். மின்னோட்டம் பாய்கிறது, கம்பி சூடாகிறது. அந்த வெப்பத்துக்கான ஆற்றல் எந்த வழியாக உள்ளே வந்தது? மின்னோட்டத்தோடு கம்பிக்குள்ளேயே ஓடி வந்தது என்றுதான் சட்டென்று தோன்றும். படம் போட்டுப் பார். மின்புலம் கம்பியின் நீளவாக்கில். காந்தப்புலம் கம்பியைச் சுற்றி வளையமாக. இரண்டின் குறுக்குப் பெருக்கம் கம்பியின் பக்கப் பரப்புக்குச் செங்குத்தாக, உள்நோக்கி நிற்கிறது. சுற்றியுள்ள வெளியிலிருந்து ஆற்றல் பக்கவாட்டில் கம்பிக்குள் இறங்குகிறது! பாயின்டிங் 1884-இல் சொன்னது இதைத்தான்.

இனி கணக்கு. மின்புலம் என்பது மின்னழுத்தத்தை நீளத்தால் வகுத்தது. பரப்பிலுள்ள காந்தப்புலம் மின்னோட்டத்தைச் சுற்றளவால் வகுத்து மியூ நாட்டால் பெருக்கியது. இரண்டின் குறுக்குப் பெருக்கத்தை மியூ நாட்டால் வகுத்ததுதான் பாயின்டிங் திசையன்; அதில் அந்த மியூ நாட் அடிபட்டுப்போகும். வந்த விடையைப் பக்கப் பரப்பால், அதாவது நீளம் பெருக்கல் சுற்றளவால் பெருக்கு. மிஞ்சுவது மின்னழுத்தம் பெருக்கல் மின்னோட்டம். நீ பள்ளியில் படித்த அதே திறன். படம் சரி என்று கணக்கே சொல்லிவிட்டது.

அலகுகள் குழப்புகின்றன என்றாய். குழப்பத்தான் செய்யும். நீ இங்கே படித்த கிரிஃபித்ஸின் மின்னியக்கவியல் பாடநூல் எஸ்.ஐ. அலகில் இருக்கிறது. அங்கே படிக்கும் ஜாக்சனின் மின்னியக்கவியல் புத்தகம் 1962-இல் வந்தபோது முழுக்க காஸ் அலகு. மூன்றாம் பதிப்பில் முதல் பத்து அத்தியாயங்கள் எஸ்.ஐ., அதற்குப் பிறகு பழையபடி காஸ். மாற்று அட்டவணையைப் பார்த்துக் குறியீடுகளை மாற்றிப் போட்டுக்கொண்டே போகாதே. இதே கம்பியைக் காஸ் அலகில் முதலிலிருந்து போடு. காந்தப்புலத்தில் ஒளியின் வேகம் கீழே வரும். பாயின்டிங் திசையனில் மேலே வரும். இரண்டும் அடிபட்டு அதே திறன் கிடைக்கும். ஒரு முறை உன் கையால் போட்டுவிட்டால் அந்தப் பயம் போய்விடும்.

தாளை முதலில் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் குழுவோடு உட்கார். பயிற்சி வகுப்பில் தாள் திருத்துபவர் பெரும்பாலும் உன்னைவிடச் சில ஆண்டுகள் மூத்த மாணவராகத்தான் இருப்பார். எந்த வரியில் நின்றுவிட்டாய் என்று அவரிடம் காட்டிக் கேள். நம் பிள்ளைகள் இதற்குத்தான் கூசிக்கூசி ஒரு செமஸ்டரையே இழக்கிறார்கள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

நீ இருக்கும் கார்ல்ஸ்ரூவேயில்தான் ஹெர்ட்ஸ் 1880-களின் பிற்பாதியில் மாக்ஸ்வெல் சொன்ன மின்காந்த அலைகளைச் சோதனையில் பிடித்துக் காட்டினார். வளைத்த ஒரு கம்பி, அதில் நுண்ணிய இடைவெளி, அந்த இடைவெளியில் தெறித்த சின்னப் பொறி, அதுவே சான்று. அதோடு அவர் நிற்கவில்லை. அலைவுறும் இருமுனையிலிருந்து புலக்கோடுகள் எப்படிக் கழன்று வெளியேறுகின்றன என்று படிப்படியாகப் படம் வரைந்து 1889-இல் வெளியிட்டார். கதிர்வீச்சுப் பாடம் தொடங்கும் முன் அந்தப் படங்களை நூலகத்தில் தேடிப் பார். பிறகு அவற்றை மூடி வைத்துவிட்டு, கால் அலைவுக்கு ஒன்றாக நீயே வரைந்து எனக்கு அனுப்பு. கோடுகள் எந்த இடத்தில் கழல்கின்றன என்பதில் சந்தேகம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அத்தை